நீ இறந்துவிட்டதாக உன்னிடமே சொன்னார்கள்

இன்று காலை நீ என் ஃபோனில் வந்தாய். காபி கலந்துகொண்டு வந்து உட்கார்ந்து பார்க்கிறேன், எங்கள் அப்பார்ட்மெண்ட் வாட்ஸாப் குழுவில், தண்ணீர் லாரி எப்போது வரும் என்ற கேள்விக்கும் யாருடைய காரோ வழியை மறிக்கிறது என்ற புகாருக்கும் நடுவில் அந்தப் படம். முழங்கால் வரை ஏறிக் கிடக்கும் மயில்கழுத்து நிறப் புடவை. ஒரு காலில் மட்டும் செருப்பு. பின்னால் தொங்கிய தலை. படத்துக்குக் கீழே மெழுகுவத்தி, கூப்பிய கைகள், 'இந்தச் சகோதரியை மறந்துவிடாதீர்கள்' என்று ஹிந்தியில் ஒரு வரி. நேற்று எங்கேயோ குண்டு வெடித்திருக்கிறது. எங்கே வெடித்தாலும் நீதான் வருகிறாய்.

அனுப்பியவர் எங்களுக்கு இரண்டு மாடி மேலே குடியிருப்பவர். கச்சிபௌலிப் பக்கம் ஒரு ஆபீஸில் பெரிய வேலை. லிஃப்டில் பார்த்தால் கதவைப் பிடித்துக்கொண்டு 'குட் மார்னிங் மேடம்' என்பார். அவ்வளவு மரியாதைக்காரர்.

நீ போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. உன்னை நினைத்து எழுதுகிற முதல் மடல் இது. கண்ணீரோடு எழுதுவேன் என்றுதான் நினைத்திருந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு எழுதுகிறேன்.

அந்தப் புடவையை நாம் சேர்ந்து போய் ஜெனரல் பஜாரில் எடுத்தோம். "ரொம்பப் பளிச்சுனு இருக்குடி, நக்கோ, வேண்டாம். தூரத்துலேர்ந்தே தெரியும்" என்று நீ தள்ளி வைத்தாய். "தெரியட்டுமே, நாம என்ன திருடவா போறோம்?" என்று நான்தான் திரும்ப எடுத்து உன் தோளில் போட்டேன். ரயில்வே வேலைக்காக வெள்ளைக்காரன் காலத்தில் செகந்திராபாத் வந்த குடும்பங்கள் நம்முடையவை. ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு. கல்யாணத்துக்குப் பிறகு நீ மௌலா அலியில் உன் வீட்டுக்காரரின் குவார்ட்டர்ஸுக்குப் போனாய். நான் கொண்டாப்பூருக்கு வந்தேன். ஊரின் இந்தக் கோடியில் ஒருத்தி, அந்தக் கோடியில் ஒருத்தி. அப்படியும் மாதம் தவறாமல் ஏதாவது கடைத்தெருவில் சந்தித்துக்கொண்டோம்.

அன்றைக்கு மட்டும் என் மகளுக்குக் காய்ச்சல் என்று நான் வரவில்லை. உன் மகனுக்குப் பள்ளிக்கூட ஷூ வாங்க நீ தனியாகப் போனாய். குண்டு வெடித்தது. உன் இடுப்பில் இரும்புத் துண்டுகள் ஏறின. இடது காது அன்றோடு போயிற்று. ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்னால் உன்னைத் தூக்கி ஆட்டோவில் போட்டவர், அங்கே கொய்யாப்பழ வண்டி தள்ளிக்கொண்டிருந்த ஒரு பாய். அந்த நேரத்தில் ஒரு பத்திரிகைக்காரர் எடுத்த படம்தான் மறுநாள் பேப்பரில் வந்தது.

அந்த பாய் ஆஸ்பத்திரிக்கு வந்தது உனக்கு நினைவிருக்கும். உன் கைப்பையைப் பத்திரமாக வைத்திருந்து கொண்டுவந்து கொடுத்தார். உன் வீட்டுக்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நீ மட்டும் கட்டிலில் கிடந்தபடி, "ரொம்ப கனமா இருந்தேனா பாய்?" என்று கேட்டாய். அவர் வெட்கப்பட்டு, "ஹவ் மேடம், பஹுத்" என்றார். ஆமாம், ரொம்பவே. தையல் பிரிந்துவிடும் என்று நர்ஸ் அதட்டுகிற அளவுக்குச் சிரித்தாய்.

பல வருஷம் அந்தப் படம் பழைய பேப்பரோடு பேப்பராகக் கிடந்தது. பிறகு எல்லார் கையிலும் ஃபோன் வந்தது.

முதலில் குடும்பக் குழுவில் அனுப்பியது உன் வீட்டுக்காரரின் பெரியப்பா மகன். ஆஸ்பத்திரிக்கு ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்து உன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அதே ஆள். படத்தில் இருப்பது நீ என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை. எவனோ பாயின் முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருந்தான். 'பலியான சகோதரியின் பின்னால் நின்று சிரிக்கும் இவனைப் பாருங்கள். இனியாவது விழித்துக்கொள்ளுங்கள்.' பாய் சிரிக்கவில்லை. உன் பாரத்தைத் தூக்கப் பல்லைக் கடித்திருக்கிறார். எடை தூக்கியிருக்கிற எவனுக்கும் அந்த முகம் தெரியும்.

நீ பதில் எழுதினாய். 'அண்ணா, இது நான்தான். உயிரோடு இருக்கிறேன். பின்னால் இருப்பவர் சிரிக்கவில்லை, என்னைத் தூக்குகிறார். தயவுசெய்து இதை எடுத்துவிடுங்கள்.' அதற்கு யாரோ கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்கள். அந்த அண்ணா, "படம் தப்பா இருக்கலாம்மா. ஆனா விஷயம் கரெக்ட்தானே?" என்று எழுதினார். அடுத்ததாக ஒருவர் பேத்தியின் பிறந்தநாள் கேக்கைப் போட்டார். எல்லாரும் கேக்குக்கு வாழ்த்துச் சொல்லப் போய்விட்டார்கள்.

பழைய மாணவர் குழு ஒன்றில் இன்னும் மோசம். அங்கேயும் நீ அதையேதான் எழுதினாய். முன்பின் தெரியாத ஒருவன், 'அந்தப் பெண் அன்றைக்கே செத்துவிட்டாள், டிவியில் பார்த்தேன். நீ யார்? இப்படி எழுத எவன் உன்னை ஏவினான்?' என்று கேட்டான். ஆதாரம் இருக்கிறதா என்றான் இன்னொருவன். நீ இடுப்புத் தழும்பையா படம் எடுத்துப் போடுவாய்? கடைசியில், அமைதியைக் குலைக்கிறாய் என்று உன்னையே குழுவிலிருந்து தூக்கினார்கள். அன்று மத்தியானம் பஸ் மாறி மாறி என் வீட்டுக்கு வந்தாய். "நான் செத்துட்டேனாம்டி" என்று சிரித்தாய். சிரித்துக்கொண்டே இருந்தாய். பிறகு சோபாவில் நல்ல காது பக்கமாகப் படுத்துக்கொண்டாய். நான் பேசுவது எதுவும் கேட்க வேண்டாம் என்றால் நீ அப்படித்தான் படுப்பாய்.

எனக்கு உன் மேலும் கோபம்தான், தெரியுமா? இத்தனைக்கும் பிறகு ஒவ்வொருவனுக்கும் நீ 'தயவுசெய்து' என்று எழுதினாய். "குண்டு வெச்சவனும் இவங்களும் ஒண்ணுதான். அவனுக்கும் நீ யாருன்னு தெரியாது, இவங்களுக்கும் தெரியாது. இவங்களுக்குப் போய் என்ன தயவு?" என்று கத்தினேன்.

நீ எழுந்து உட்கார்ந்தாய். "அப்படிச் சொல்லாதே. அவன் கொல்லணும்னு வந்தவன். பக்கத்துல ஷூ வாங்கிட்டு நின்ன பொண்ணு என் கண் முன்னாடி போயிட்டா. அவனையும் இவங்களையும் ஒண்ணாக்கினா அவன் பண்ணினது சின்னதாயிடும். இவங்க கொல்ற ஆளுங்க இல்லடி. டீ குடிச்சுக்கிட்டே விரலால தள்றாங்க, அவ்வளவுதான்."

"அதனால மன்னிச்சுடணுமா?"

"கைக்கு? எதுக்கு மன்னிக்கணும்? நான் மன்னிக்கலை. மரியாதையா கேட்கறேன், அவ்வளவுதான்."

இன்றுவரை அந்த வித்தியாசம் எனக்குப் பிடிபடவில்லை.

உன்னிடம் நான் சொல்லாமல் விட நினைத்து, சொல்ல வேண்டி வந்த ஒன்று உண்டு. என் மகள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது, சாப்பாட்டு மேஜையில் ஃபோனைப் பார்த்துக் களுக்கென்று சிரித்தாள். வாங்கிப் பார்த்தேன். உன் படத்தை ஸ்டிக்கராக வெட்டியிருந்தார்கள். தொங்கிய தலை, ஒற்றைச் செருப்பு. மேலே 'மேத்ஸ் பரீட்சை முடிந்த பிறகு நான்' என்று எழுதியிருந்தது. அவள் வகுப்பு முழுக்க அதைத்தான் அனுப்பிக்கொண்டிருந்தது. "இது யார்னு தெரியுதா?" என்றேன். "யாரோ மா. மீம் மா அது. எவ்ரிபடி சென்ட்ஸ் இட்" என்றாள். யார் என்று சொன்னேன். பிறந்ததிலிருந்து அவளுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டவள் நீ. அவள் அழவில்லை. தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனாள். அதற்குப் பிறகு நீ வரும்போதெல்லாம் அவளுக்கு ட்யூஷன் இருந்தது, தலைவலி இருந்தது. காரணத்தை நீயே கேட்டு வாங்கினாய். கேட்டுவிட்டு, "அவளைத் திட்டினியா?" என்றாய். ஆமாம் என்றேன். "சரி" என்றாய். அந்தச் 'சரி' எதற்கு என்று நீ சொல்லவேயில்லை.

உன்னைப் பற்றிய எதுவும் உன்னைக் கடைத்தெருவுக்குத் திரும்பப் போக வைக்கவில்லை. பாயின் முகத்தைச் சுற்றிய அந்தச் சிவப்பு வட்டம்தான் போக வைத்தது. அவருக்கு என்ன ஆயிற்றோ என்று ஒரு நாள் கிளம்பினாய். நானும் வந்தேன். அவர் வண்டி நின்ற இடத்தில் ஃபோன் உறைகள் தொங்கின. பக்கத்துக் கடைப் பெண்மணியிடம் விசாரித்தோம். அவள் நம் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தாள். "கைக்கு? நீங்களும் போட்டோ எடுக்கவா?" என்றாள். நீ புடவைத் தலைப்பை விலக்கி இடுப்புத் தழும்பைக் காட்டி, படத்தில் இருப்பது நான்தான் என்றாய். இந்த ஊரில் உன்னை உடனே நம்பியவள் அவள் ஒருத்திதான்.

அவள் சொன்ன அடையாளத்தை வைத்து நகரத்துக்கு வெளியே ஒரு கிடங்கில் அவரைக் கண்டுபிடித்தோம். மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார். தாடியை எடுத்திருந்தார். ஃபோனைக் கையில் பிடித்துக்கொண்டு நாலைந்து பேர் அவர் வண்டிக்கு வந்தார்களாம். படத்தையும் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்களாம். எதற்குச் சிரித்தாய் என்று கேட்டார்களாம். வண்டியைக் கவிழ்த்துவிட்டுப் போனார்களாம். ஆள் முகம் பார்க்கும் வியாபாரமே வேண்டாம் என்று உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார்.

நீ துடித்துப் போனாய். "நான் எல்லா இடத்துலயும் எழுதறேன் பாய். நீங்கதான் என்னைக் காப்பாத்தினீங்கன்னு வீடியோ போடறேன்" என்றாய், உனக்குத் தெரிந்த உருதுவில். அவர் இரண்டு கையையும் தூக்கித் தடுத்தார். "நக்கோ மேடம், நக்கோ." நீங்கள் ஒவ்வொரு முறை அது பொய் என்று எழுதும்போதும் படம் மறுபடி மேலே வருகிறது, கொஞ்ச நாள் மறந்திருந்தவர்களும் மறுபடி பார்க்கிறார்கள் என்றார். மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறோம், தயவுசெய்து விட்டுவிடுங்கள் என்றார். நீ எல்லாருக்கும் எழுதிய அதே சொல்.

அன்றோடு எழுதுவதை நிறுத்தினாய். உன்னைப் பற்றிய பொய்யை உன் கண் முன்னாலேயே சுற்ற விட்டாய். உன் வீட்டுக்காரரின் உறவினர்களில் சிலர், 'பார்த்தீர்களா, அவளே ஒத்துக்கொண்டுவிட்டாள்' என்றார்கள். அதையும் கேட்டுக்கொண்டாய். பிறகு கல்லீரல் கெட்டது, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தாய், ஒரு மழை நாளில் உன் வீட்டுக்காரர் கையைப் பிடித்தபடி போய்ச் சேர்ந்தாய். கட்டிலில். கடைத்தெருவில் இல்லை.

இன்று காலை குழுவில் பதில் தட்டத்தான் விரல் போயிற்று. பாய் சொன்னது நினைவுக்கு வந்தது. அழித்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு மாடி ஏறினேன்.

அவரே கதவைத் திறந்தார். தெலுங்குக்காரர். இங்கிலீஷும் ஹிந்தியுமாகப் பேசிக்கொண்டோம். "நீங்கள் போட்ட படத்தில் இருப்பவள் என் சிநேகிதி. அன்றைக்கு அவள் சாகவில்லை. போன வருஷம் நோய் வந்து செத்தாள். எடுத்துவிடுங்கள்" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "வெரி சாரி மேடம். உங்களுக்குத் தெரிந்தவர் என்று எனக்குத் தெரியாது."

"தெரியாதவளாக இருந்தால் பரவாயில்லையா?"

"நான் நல்ல எண்ணத்தில்தான் போட்டேன். தீவிரவாதத்துக்கு எதிராகத்தானே?"

"அவளுடைய முழங்காலைக் காட்டியா?"

ஃபோனை எடுத்தார். என் எதிரிலேயே அழித்தார். கீழே இறங்கி வந்தேன். கல்லூரிக்குக் கிளம்பி ஷூ போட்டுக்கொண்டிருந்த என் மகள், நான் எங்கே போனேன் என்று கேட்கவில்லை. அவளும் அந்தக் குழுவைப் பார்ப்பவள்தான். தலையை நிமிர்த்தாமலே, "டிலீட் சேஷாரா?" என்றாள். எடுத்துவிட்டார் என்றேன். "மிகதா க்ரூப்ஸ்லோ?" என்றாள். மற்ற குழுக்களில்? அது எனக்குத் தோன்றவேயில்லை.

மறுபடி ஏறினேன். இந்த முறை அவர் கதவைப் பாதிதான் திறந்தார். "வேறு எங்கெல்லாம் அனுப்பினீர்கள்?" என்றேன். "திஸ் இஸ் டூ மச் மேடம்" என்றார். ஆமாம், டூ மச்தான் என்றேன். மிதியடி மேல் நின்றேன். உள்ளேயிருந்து அவர் மனைவி யார் என்று கேட்டாள். அவர் ஃபோனை எடுத்து ஒவ்வொன்றாகத் தேடி அழித்தார். கல்லூரி நண்பர்கள், சொந்தக்காரர்கள், ஆபீஸுக்குச் சேர்ந்து காரில் போகிறவர்கள். ஒரு குழுவில் மட்டும் வேறு யாரோ அதை எடுத்து இன்னும் எங்கெங்கோ அனுப்பியிருந்தார்கள். "அதற்கு நான் என்ன செய்வது?" என்றார். அவரால் ஒன்றும் செய்ய முடியாது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதை அவர் வாயால் சொல்லக் கேட்க வேண்டும் போலிருந்தது. கேட்டுக்கொண்டு வந்தேன்.

இனி லிஃப்டில் அவர் எனக்குக் கதவைப் பிடிக்க மாட்டார். வேண்டாம்.

உன் பொறுமை எனக்கு வரவில்லை. நீ விட்டுப் போனதில் என்னிடம் இருப்பது இந்தக் கோபம் ஒன்றுதான், இதை ஆற விடுவதாக இல்லை. மறுபடி எங்கேயாவது வெடிக்கும். அழுகிறவர்கள் அழுவார்கள், அனுப்புகிறவர்கள் அனுப்புவார்கள், நீ மயில்கழுத்து நிறத்தில் வந்து நிற்பாய். குழுவில் ஒரு வரி எழுத மாட்டேன். எந்த வீட்டிலிருந்து வந்ததோ அந்த வீட்டின் கதவைத் தட்டுவேன். தயவுசெய்து என்று மட்டும் சொல்ல மாட்டேன்.