மடித்து வைத்த பாட்டு

மார்ச் 4, செவ்வாய்

பாப்பாவுக்கு ஒன்பதாம் மாதம் தொடங்கிவிட்டது. காலையிலிருந்து மூன்று தும்மல். மூன்றுக்கும் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். “பிள்ளை மூச்சு விடுதான்னு பாக்கவே இந்த வீட்டுக்குத் தனியா ஒரு ஆளு வைக்கணும்” என்று அத்தை, நறுக்கிக்கொண்டிருந்த வெங்காயத்திடம் சொன்னார்.

மதியம் பேராசிரியர் அழைத்தார். சனிக்கிழமை பாட்டுக்காரக்காவுக்கு அஞ்சலி நிகழ்ச்சி. அக்கா போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் விரிப்பு மடித்தபடியே பாடியவருக்கு இரண்டாயிரம் பேர் உட்காரும் அரங்கம். மேடையில் பாடப்போகும் பாட்டெல்லாம் என் ஆய்வேட்டிலிருந்து எடுத்தவை. ‘தொகுத்தவர்’ என்று என் பெயரைச் சொல்வார்களாம். அப்புறம் அது புத்தகமாகவும் வருமாம்.

எட்டு மாதமாக என் பெயரை யாருமே சொல்லவில்லை. மருந்துக்கடைக்காரருக்குக்கூட நான் ‘பாப்பாவோட அம்மா’தான்.

பாப்பாவைத் தூக்கிக்கொண்டு போகலாமா? அந்தச் சத்தம் காதுக்கு ஆகுமா?

மார்ச் 8, சனி

போய்வந்தோம். பாப்பாவின் காதில் பஞ்சு. இவர் தன் காதிலும் கொஞ்சம் வைத்துக்கொண்டார், துணைக்காம்.

பன்னிரண்டு வயலின். ஒரே நிறத்தில் உடுத்திய குழுப்பாடகர்கள். கடைசியில் விரிப்புப் பாட்டு. சலவைக்கூடத்தில் அதை இரண்டு பேர் பாடுவார்கள். ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, ஒருத்தி ஓர் அடி பாடி ஓர் எட்டு முன்னால் வைக்க, மற்றவள் பதில் பாடி ஓர் எட்டு வைப்பாள். நான்கு மூலையும் சேரும்போது கண்ணி முடிந்துவிடும், விரிப்பும் மடிந்துவிடும். மேடையில் விரிப்பு கிடையாது. குச்சி வைத்துக்கொண்டு ஒருவர் கை ஆட்டினார்.

ஆனாலும் மேடைப் பாடகி நான்காவது கண்ணியைக் கண்ணை மூடிக்கொண்டு பாடியபோது அரங்கமே அடங்கிப்போனது. எனக்குப் பின்னால் யாரோ விசும்பினார்கள். இரண்டாவது வரிசையில் சலவைக்கூடத்துப் பெண்கள், நல்ல உடுப்பில், ஒருவர் பாக்கியில்லாமல் தலையைக் குனிந்திருந்தார்கள். ஒருவர் எழுந்து வெளியே போனார். அழுகை தாங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

என் பெயரைச் சொன்னார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. மறைக்காமல் எழுதிவைக்கிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

விரிப்புப் பாட்டின் காணொளியைப் போட்டுவிட்டார்கள். காலையிலிருந்து அதன் கீழே வரும் கருத்துகளைப் படித்துக்கொண்டிருக்கிறேன். ‘நாலாவது கண்ணியில் என்னால் முடியவில்லை.’ ‘இதைப் பாடி வைத்த முகம் தெரியாத தாய்க்கு வணக்கம்.’ ‘அம்மாவைக் கூப்பிட்டுப் பேசினேன், மூன்று வருடம் கழித்து.’ நாளிதழில் வந்த விமர்சனத்தில் ‘பெயரற்ற ஒருத்தியின் துயரம் எல்லோருடையதும் ஆகிறது’ என்றிருந்தது. அதை வெட்டி வைத்திருக்கிறேன்.

“பாப்பா சாப்பிட்டாளா?” என்று இவர் கேட்டபோதுதான் மணியைப் பார்த்தேன். இரண்டேகால். அவள் அழக்கூட இல்லை, தரையில் உட்கார்ந்து செருப்பைக் கடித்துக்கொண்டிருந்தாள். என்ன அம்மா நான்?

மார்ச் 10, திங்கள்

இன்றும் படித்தேன். அத்தை போனை வாங்கி அலமாரி மேல் வைத்துவிட்டார்.

மார்ச் 12, புதன்

இஸ்திரி அக்கா வந்தார், மதியச் சாப்பாட்டு நேரத்தில், வேலை உடுப்போடு. சலவைக்கூடத்தில் இருபது வருடமாகப் பெட்டி போடுபவர். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். பாப்பாவைத் தூக்கவில்லை.

“நீ படிச்ச பொண்ணு. கேக்கலாமா வேணாமான்னு நாலு நாளா யோசிச்சேன். அந்த நாலாவத ஏன் எழுதுன?”

பாட்டில் இருந்தது, அதனால் எழுதினேன் என்றேன்.

“எந்தப் பாட்டுல இருந்துச்சு? மொத மூணுதான் பாட்டு. நாலாவது, மறுமுனையப் பிடிச்சிருக்கவளுக்கு அன்னிக்கு அன்னிக்குக் கட்டுறது. மடிச்சு முடிச்சா அதோட போச்சு. எனக்கு ஒருநா எங்க வீட்டுக்காரர் பல்லிக்குப் பயந்து கட்டில் மேல ஏறுனதப் பாடுனா. அத நீ எழுதிருந்தா மனுசன் ஊரவிட்டே ஓடிருப்பாரு.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

ஆய்வுக்காக நான் சலவைக்கூடத்தில் பாட்டைப் பதிவு செய்த அன்று மறுமுனையில் இருந்தது தையலக்கா. கிழிந்த விரிப்புகளைத் தைத்துக் கொடுக்கும் அறையில் வேலை பார்ப்பவர். அரங்கத்திலிருந்து எழுந்து போனதும் அவர்தான். இஸ்திரி அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது, அந்தக் கண்ணியில் வரும் புருவத் தழும்பு அவருடையது. வீட்டை விட்டு வெளியேறியதும், தொட்டிலில் விட்டுவந்த பிள்ளையும் அவருடையதுதான். இப்போதிருக்கும் கணவருக்குத் தெரியாது. இரண்டு மகள்களுக்கும் தெரியாது. சலவைக்கூடத்தில் மட்டும் எல்லோருக்கும் தெரியும். பதினைந்து வருடமாக அந்த அறையைத் தாண்டி அது வெளியே போனதில்லை.

“பெரிய மக அந்தப் பாட்ட வீட்டுல மூணு தடவ போட்டுட்டாளாம். நல்லாருக்கும்மா கேளுன்னு இவ பக்கத்துலயே உக்காந்து.”

பிறகு இஸ்திரி அக்கா எழுந்து, வேலைக்கு நேரமாகிறது என்று போய்விட்டார். நான் கொடுத்த தண்ணீர் அப்படியே இருந்தது.

மார்ச் 13, வியாழன்

பாப்பா தூங்கும்போது பழைய பதிவைத் தேடி எடுத்துக் கேட்டேன். நாலாவது கண்ணி. விரிப்பை உதறும் சத்தம். பிறகு பாட்டுக்காரக்காவின் குரல், பேச்சாக — “சரி, மடிச்சாச்சு. இத்தோட வையி.” தையலக்கா “ம்” என்கிறார்.

என் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். அந்த இடத்தில் ஓரமாக, என் கையெழுத்தில்: ‘உரையாடல். தேவையில்லை.’

அன்று மூலையில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். பதிவு ஓடிக்கொண்டிருந்த போன் மேசை மேல் கிடந்தது. ஒரு மணி நேரம் கழித்து நான் அங்கே இருப்பதையே அவர்கள் மறந்துவிட்டார்கள். நல்ல ஆய்வாளர் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மற்ற நாள் பதிவுகளில் நாலாவது கண்ணி வேறு வேறாக இருந்ததையும் பார்த்தேன்தான். ‘பாடபேதம்’ என்று போட்டு, இருப்பதிலேயே அழகானதை எடுத்து வைத்தேன். அழகானது! எனக்கு அப்போது பிள்ளை இல்லை — அது ஒரு சாக்கா? இல்லை. காது இருந்ததே.

அந்தக் கண்ணியை இங்கேயும் எழுதமாட்டேன்.

மார்ச் 15, சனி

பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு பேராசிரியர் வீட்டுக்குப் போனேன். யார் என்று சொல்லவில்லை. உயிரோடிருக்கும் ஒருவருடைய சொந்த விஷயம் என்று மட்டும் சொன்னேன். முப்பதாம் தேதி நிகழ்ச்சிப் பாட்டுகளின் ஒலிப்பதிவு வெளிவருகிறதாம். விரிப்புப் பாட்டை ஒலிப்பதிவுக் கூடத்தில் தனியாகப் பாடி எடுத்தாகிவிட்டதாம்.

“ஏம்மா, நாட்டுப்பாட்டு யாரு வீட்டுச் சொத்து? அந்தக் கண்ணிய எடுத்துட்டா அப்புறம் என்ன மிச்சம்? துணி மடிக்கிறதுதான்” என்றார். கெட்ட மனிதர் இல்லை. பேசிக்கொண்டே தன் பேனா மூடியைப் பாப்பாவுக்கு விளையாடக் கொடுத்தார். நான் அதை அவள் வாயிலிருந்து பிடுங்கிக்கொண்டிருக்கும்போது முடிவும் சொல்லிவிட்டார். சம்பந்தப்பட்டவர் கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுத்தால் எடுத்துவிடலாம்.

எழுதிக் கொடுத்தால், ‘அது நான்தான்’ என்று தையலக்கா ஒப்புக்கொண்ட மாதிரி. எப்படிக் கொடுப்பார்?

மார்ச் 16, ஞாயிறு

சும்மா இருந்துவிட்டால் என்ன? மூன்று மாதத்தில் எல்லோரும் வேறு பாட்டுக்குப் போய்விடுவார்கள்.

புத்தகத்தில் என் பெயர் வரும். அதுதான் என்னைப் பிடித்து இழுக்கிறதா? ஆமாம். அதுதான்.

மார்ச் 18, செவ்வாய்

தையல் அறைக்குப் போனேன். சலவைக்கூடத்தின் பின்பக்கம், குழல்விளக்கு எரியும் நீள அறை. நான்கு இயந்திரங்கள். விரிப்பை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து ஓட்டை தேடுகிறார்கள். தையலக்கா என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்து இயந்திரத்தை ஓட்ட ஆரம்பித்தார். நான் சொல்ல வந்ததையெல்லாம் அந்தச் சத்தத்துக்கு மேலே சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. காத்து நின்றேன். நூல் தீர்ந்து நிறுத்தியபோது குனிந்து, தப்பு என்னுடையது, எடுக்கச் சொல்கிறேன், ஆனால் எழுத்தில் கேட்கிறார்கள் என்றேன்.

“நான் எதுவும் எழுதிக் குடுக்க மாட்டேன்.”

“நீங்க எழுத வேணாம்க்கா. நான் எழுதுறேன்.”

ஊசியில் நூலைக் கோத்தார். கோத்து முடித்து, “இனிமே இங்க வராத” என்றார்.

வீட்டுக்கு நடந்தே வந்தேன். வழியெல்லாம் கடிதத்தை மனசுக்குள் எழுதினேன்.

மார்ச் 19, புதன்

எழுதிவிட்டேன். ஒரு பக்கம். விரிப்புப் பாட்டுக்கு மூன்று கண்ணிகள்தான் நிலையானவை. நான்காவது என்று நான் கொடுத்திருப்பது ஒருநாள் ஒருவருக்காக மட்டும் பாடப்பட்டது. அதைப் பாட்டின் பகுதியாகச் சேர்த்தது தொகுத்தவருடைய பிழை. ஆய்வேட்டின் அந்தப் பக்கங்களை நம்ப வேண்டாம். கீழே என் முழுப் பெயர், கையெழுத்து.

இவர் படித்தார். “உன் பேரைத் தூக்கிடுவாங்களே.”

“தெரியும்.”

“யாருக்காகன்னு ஒரு வார்த்தை இல்லையே?”

“அத மறைக்கத்தான் இவ்வளவும் எழுதிருக்கேன்.”

மறுபடி முதலிலிருந்து படித்துவிட்டு, “‘வருந்துகிறேன்’ ரெண்டு எடத்துல வருது, ஒன்னு போதும்” என்றார். ஒன்றை அடித்தேன்.

மார்ச் 21, வெள்ளி

பேராசிரியருக்கு ஒரு பிரதியை அனுப்பிவிட்டு, இன்னொன்றை நேராக மேடைப் பாடகியிடம் எடுத்துப்போனேன். முழுப் பகலும் பாப்பாவை விட்டுப் போவது இதுதான் முதல் தடவை. மாற்றுத்துணி, மருந்து, மருத்துவர் எண் என்று நான் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போக, அத்தை கதவைத் திறந்து பிடித்தார். “போ. நானும் ஒருத்தன வளத்துதான் உன் கைல குடுத்திருக்கேன்.”

ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வெளியே மூன்று மணி நேரம் உட்கார வைத்தார்கள். நான்கு தடவை வீட்டுக்கு அழைத்தேன். நான்காவது தடவை அத்தை எடுக்கவே இல்லை.

பாடகி கடிதத்தை இரண்டு முறை படித்தார். அந்தம்மா அன்று அரங்கத்தில் இருந்தாரா என்று கேட்டார். நான் பையிலிருந்து போனை எடுத்து மணி பார்த்தேன். அதுவே பதிலாகிவிட்டது.

“கண்ண மூடிட்டுப் பாடுனேன்” என்றார். “தெறந்து வச்சிருந்தா நிறுத்திருப்பேனோ என்னவோ.”

அந்த இடத்தில் என்ன பாடுவது என்று கேட்டார். எதுவும் வேண்டாம், உங்கள் எதிரே முனையைப் பிடித்துக்கொண்டு யாரும் நிற்கவில்லையே என்றேன். இவ்வளவு பெரிய ஆளிடம் இப்படிப் பேசிவிட்டேனே என்று பேருந்தில் வரும்போதுதான் உறைத்தது. ஆனால் அவர் கோபப்படவில்லை. காணொளியையும் எடுக்கச் சொல்கிறேன் என்றார். பார்த்தவர்கள் பார்த்ததுதான், அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது என்றார்.

பாப்பா என்னைப் பார்த்து அழவில்லை. அத்தையின் தோளிலிருந்து இறங்க மறுத்தாள். நல்லதுதான். நல்லதுதானே?

மார்ச் 24, திங்கள்

பேராசிரியரிடமிருந்து இரண்டு வரி. ஒலிப்பதிவில் தொகுப்பாளர் பெயர் இடம்பெறாது. புத்தகம் மறு பரிசீலனைக்குப் பிறகு.

சரி.

மார்ச் 31, திங்கள்

வெளிவந்துவிட்டது. மூன்று கண்ணி, அப்புறம் கொஞ்ச நேரம் வயலின் மட்டும், அப்புறம் முடிந்துவிடுகிறது. பழைய காணொளியும் போய்விட்டது.

கீழே திட்டித் தீர்க்கிறார்கள். ‘நாலாவது எங்கே?’ ‘பாட்டோட உயிரையே வெட்டியிருக்கானுங்க.’ ‘எந்த அறிவாளி செய்த வேலை இது?’ அறிவாளி இங்கே சமையலறையில் நின்று பால்புட்டி கழுவிக்கொண்டிருந்தாள். ஒரு பதில் தட்டினேன். நீளமாக, நியாயமாக. அழித்தேன். எந்த விளக்கம் கொடுத்தாலும் அது அந்தப் புருவத்தைத் தேட வைக்கும்.

பழையதைத் தரவிறக்கி வைத்திருந்த மூன்று பேர் திரும்பப் போட்டிருக்கிறார்கள். மூவருக்கும் எழுதினேன். இரண்டு பேர் எடுத்துவிட்டார்கள். ஒருவர், நீ யார் கேட்பதற்கு என்றார். நாளைக்கு மறுபடி எழுதுவேன். அதற்கு மறுநாளும்.

ஏப்ரல் 3, வியாழன்

அவரும் எடுத்துவிட்டார். தொல்லை தாங்கவில்லையாம்.

ஏப்ரல் 6, ஞாயிறு

இவரும் அத்தையும் கடைக்குப் போயிருந்தார்கள். பதினொன்றரைக்குக் கதவு தட்டும் சத்தம். தையலக்கா. தனியாக வந்திருந்தார். உள்ளே வந்தார், உட்காரவில்லை.

“பெரியவ கேட்டா. அந்தப் பாட்டு போட்டா ஏம்மா எந்திரிச்சுப் போறன்னு. சொல்லிட்டேன். அவகிட்ட மட்டும்.”

அப்படியென்றால் நான் எடுத்ததெல்லாம்—

“நீ எடுத்ததால சொல்லல. எடுக்காம விட்டிருந்தா சொல்லிருக்கவே மாட்டேன்னும் இல்ல. கேட்டா, சொன்னேன். அழுதா. அப்புறம் அவன் பேரு என்னன்னு கேட்டா.” சுவரைப் பார்த்துப் பேசினார். “பாட்டுக்காரி அன்னிக்குப் பாடுனது உங்கிட்ட இருக்காமே. எனக்கு அன்னிக்கு சரியாக் காதுல விழல. ஒரு தடவ கேக்கணும்.”

பதிவைப் போட்டு, போனை அவர் கையில் கொடுத்துவிட்டு, அறைக்கதவைச் சாத்திவிட்டுப் பாப்பாவோடு படிக்கட்டுக்கு வந்துவிட்டேன். ஆறு நிமிடப் பதிவு அது. அவர் வெளியே வரப் பதினெட்டு நிமிடம் ஆனது.

தன் போனுக்கு அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். பிறகு என்னிடம் இருப்பதை அவர் கண்ணெதிரே அழித்தேன். மடிக்கணினியில் இருந்ததையும் அழித்தேன். குறிப்பேட்டிலிருந்து அந்தத் தாளைக் கிழித்துக் கொடுத்தேன். பாட்டுக்காரக்கா அந்த மதியம் பேசியது, இருமியது, சிரித்தது எல்லாம் அந்த ஆறு நிமிடத்தோடு போய்விட்டது. என்னிடம் இருக்க வேண்டியதில்லை.

தையலக்கா தாளை நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்தார். பாப்பா நாற்காலிக் காலைப் பிடித்து எழுந்து நின்று, அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எத்தன மாசம்?”

“ஒம்போது முடிஞ்சுதுக்கா.”

ஒரு விரலை நீட்டினார். அவள் பிடித்துக்கொண்டாள்.

“அவனுக்கும் அப்ப அதுதான்” என்றார்.

அதன் பிறகுதான் உட்கார்ந்தார்.