அடுப்பில் மகள் பெயர்

கிஸராவே, 4 மார்ச் 2006

ருகியாவின் அப்பாவுக்கு ஸலாம்.

நலமா? பெண்கள் தொழில் தொடங்க உதவும் திட்டத்தில் என் பெயரும் வந்துவிட்டது! மண்ணும் தகரமும் வைத்து, பாதிக் கரியிலேயே சமைக்கும் அடுப்பு செய்யக் கற்றுக்கொடுக்கிறார்கள். நான் செய்யும் ஒவ்வொன்றிலும் ஈரமண்ணில் 'ருகியா' என்று கீறிவிடுகிறேன். தாரஸ்ஸலாமில் எங்காவது கண்ணில் பட்டால் எங்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

நோன்புக்காவது வாருங்கள். இந்தத் தடவையும் சாக்குச் சொன்னால் பேசமாட்டேன்.

உங்கள் கிபிபி

தாரஸ்ஸலாம், 2 ஜூலை

ருகியாவின் அம்மாவுக்கு ஸலாம்.

அடுப்புக்காரி ஆகிவிட்டாய், இனி என்னை எங்கே மதிக்கப்போகிறாய்! இங்கே வியாபாரம் மந்தம். "கரிக்காரரே, இனி அரை டின் கரி போதும். புது அடுப்பு வாங்கியாச்சு" என்று நான் கரி விற்கும் மூன்று தெருவிலும் சொல்கிறார்கள். ஒருத்தி உள்ளே கூப்பிட்டுக் காட்டினாள். அதில் என் மகள் பெயர் இருந்தது. "யாருங்க இந்த ருகியா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன்.

நோன்புக்கு வரப்பார்க்கிறேன்.

ஷாபானி

கிஸராவே, 20 ஆகஸ்ட்

ருகியாவின் அப்பாவுக்கு ஸலாம்.

தெரியாது என்றீர்களாமே, படித்ததும் அழுதுவிட்டேன். உங்கள் பிழைப்பில் கைவைக்க நினைத்தா இதைச் செய்தேன்? கரியை விட்டுவிட்டு வாருங்கள். தகரம் வெட்ட எனக்கு ஆள் வேண்டும், கூலியும் உண்டு.

வீட்டுக்குப் பின்னால் பட்டறை கட்டவும் உதவுகிறார்கள். ஆனால் திட்டத்து அம்மா, "எடம் உன் புருஷன் பேர்ல இருக்கு, அவர் கையெழுத்து இல்லாம ஒண்ணும் நடக்காதும்மா" என்கிறார். தாளை இதோடு வைத்திருக்கிறேன். அனுப்ப வேண்டாம், நீங்களே கொண்டு வாருங்கள். பேருந்துச் சத்தம் கேட்டாலே ருகியா வாசலுக்கு ஓடுகிறாள்.

உங்கள் கிபிபி

தாரஸ்ஸலாம், 12 செப்டம்பர்

கிபிபிக்கு,

உன்னிடம் கூலி வாங்கி உன் முகத்தைப் பார்க்க என்னால் ஆகாது. உன்மேல் கோபம் இல்லை, இருந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அந்த அடுப்பில் வெந்த உகாலிக் களியை, பெயர் கேட்ட அந்தப் பெண் எனக்கும் ஒரு கை தந்தாள். நன்றாக வெந்திருந்தது.

கரி மூட்டை ஏற்றும் மிதிவண்டியை விற்றுவிட்டேன். தெற்கே மீன்பிடிக்க ஆள் எடுக்கிறார்கள், நாளை கிளம்புகிறேன்.

உன் தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வீட்டையும் இடத்தையும் உன் பேருக்கே எழுதிவிட்டேன். உறையில் இன்னொரு தாளும் இருக்கும். பள்ளிவாசல் ஷேக் முன்னால் எழுதிய தலாக். இனி எதற்கும் நீ என் கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டாம்.

தெற்கிலும் உன் அடுப்பு விற்கிறதாம். பெயர் கீறுவதை மட்டும் நிறுத்திவிடாதே.

ஷாபானி