உன் வாயில் வராத பெயர்

அவன் வந்துவிட்டான். நீ இல்லாத வீட்டுக்கு, லண்டன் முத்திரை குத்திய பார்சலில், இன்று காலை தபால்காரன் கையால் வந்து சேர்ந்தான். சணல் கயிற்றை அறுத்துப் பிரித்ததும் அச்சு மையும் பசையும் கலந்த வாசனை கூடம் முழுக்கப் பரவியது. நீ இருந்திருந்தால் புத்தகத்தை விரித்து முகத்தில் வைத்துக்கொண்டு ஒரு மூச்சு இழுத்திருப்பாய். எனக்குத் தும்மல்தான் வந்தது.

உன் பாதி ஆயுசு அந்தப் புத்தகத்துக்குள் இருக்கிறது. நான்கு வாத்தியங்களுக்காக அவன் எழுதிய இசை, வேறொருவர் பெயரில் அத்தனை காலம் கிடந்துவிட்டு, முதல் தடவையாக அவன் சொந்தப் பெயரோடு அச்சாகியிருக்கிறது. அட்டையில் அவன் பெயர் என் கட்டைவிரல் பருமனுக்கு நிற்கிறது. முன்னுரையின் கடைசியில், இது அவனுடையதுதான் என்று நிரூபித்த கோலாலம்பூர் மிஸஸ் ஞானமுத்துவுக்கு நன்றி என்று பொடி எழுத்தில் ஒரு வரி. அந்த ஞானமுத்து நான்தான். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டுதான் என் பெயரைக் கண்டுபிடிக்க முடிந்தது.

அவன் பெயரை நான் இந்த மடலிலும் எழுதப் போவதில்லை. நீ இருந்தபோது எப்படிச் சொன்னேனோ அப்படியே சொல்கிறேன்: வியன்னாக்காரன். செத்து நூறு வருடத்துக்கு மேலான ஒரு வெள்ளைக்காரனைப் பார்த்து பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒரு கணக்குக் குமாஸ்தா வயிறெரிகிறான் என்றால் ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும். ஊரா அவனோடு ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தியது?

அவன் நம் வீட்டுக்குள் நுழைந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கல்யாணமான புதிது. கிள்ளானில் உன் அப்பாவின் வீட்டுக்கு விருந்துக்குப் போயிருந்தோம். பக்கத்துத் தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்கே திரும்பிப் போகிறார் என்று அவர் பங்களாச் சாமான்களை ஏலம் விட்டார்கள். மற்றப் பெண்கள் பீங்கான் தட்டுக்கும் கண்ணாடி அலமாரிக்கும் அடித்துக்கொண்டிருந்தபோது, நீ மூலையில் கிடந்த ஒரு தகரப் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாய். உள்ளே ஊறுகாய் ஜாடி இருக்கும் என்று நினைத்தேன். திறந்தால் பூச்சி அரித்த இசைக் காகிதங்கள். கோலாலம்பூர் ரயிலில் அந்தப் பெட்டி வழி முழுக்க என் மடியில் இருந்தது. என் மடியில் ஏறித்தான் அவன் வந்தான் என்பதை நினைத்தால் இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

அதுவரை நீ மிஷன் துரைசானியிடம் பியானோ கற்றவள், பெண்கள் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவள். எனக்கு அது போதும். பெருமையாகக்கூட இருந்தது. ஆனால் அந்தப் பெட்டியைக் கிளறிக் கிளறி நீ ஒரு சந்தேகத்தைக் கண்டுபிடித்தாய். ஊரறிந்த பெரிய மேதை ஒருவரின் பெயரில் அச்சான சில பாட்டுகள் அவர் எழுதியவையே இல்லை என்றாய். அந்தக் காலத்துப் பதிப்பாளர்கள், விற்க வேண்டுமே என்று, பெயர் தெரியாதவன் எழுதியதற்குப் பெரிய மனிதரின் பெயரைப் போட்டுவிடுவார்களாம்.

"பாசார்ல எந்த மாம்பழத்துக்கும் நல்ல ஊர்ப் பேரா பாத்து வச்சு விக்கிறான் இல்லீங்க? அது மாதிரிதான்," என்றாய்.

எனக்குப் புரிந்தது. புரிந்தபோது பாராட்டவும் செய்தேன். அது இத்தனை வருடத்து வேலை என்று அப்போது எனக்கு யார் சொன்னார்கள்? லண்டன் நூலகத்துக்குக் கடிதம், வியன்னா நூலகத்துக்குக் கடிதம். அவர்களுடைய பதிலைப் படிக்க அகராதியை வைத்துக்கொண்டு ஜெர்மன் பாஷை. எறும்பு ஏறாமல் இருக்க பியானோக் கால்களுக்கு நீ வைத்த தண்ணீர்க் கிண்ணங்களை நிரப்பும் வேலை என்னுடையதாயிற்று. உன் கட்டுரைகள் லண்டன் பத்திரிகையில் வரத் தொடங்கின. அப்புறம் அங்கிருந்தே பழைய கையெழுத்துப் பிரதிகளைப் படம் பிடித்து அனுப்பி, இது அவனுடையதா சொல்லுங்கள் என்று உன்னைக் கேட்க ஆரம்பித்தார்கள். ரயில் போகும்போதெல்லாம் ஜன்னல் ஆடும் அந்தக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, ஆமாம், இல்லை என்று நீ தீர்ப்புச் சொன்னாய்.

இதெல்லாம்கூட எனக்குப் பொறுக்கக்கூடியதாகத்தான் இருந்தது. பொறுக்க முடியாதது அவன் பெயர். காலையில் அரிசி களையும்போது அவன் பெயர். சாப்பாட்டு மேசையில் அவன் பெயர். ஒருநாள் ஆபீஸிலிருந்து வருகிறேன், பக்கத்துக் குவார்ட்டர்ஸ் மேரி அக்கா வேலியோரம் என்னை நிறுத்தினார்.

"தம்பி, ஒங்க வீட்ல விருந்தாளியா? காலையிலேருந்து ஒங்க வீட்டுக்காரி ஒரு ஆம்பளை பேராவே சொல்லிக்கிட்டு இருக்குதுலா."

"ஆமாக்கா. வெளியூர்க்காரரு. போற மாதிரி தெரியல," என்றேன்.

என் பெயரை நீ ஒருநாளாவது சொன்னாயா? கல்யாணமான அன்றிலிருந்து 'ஏங்க'. ரூத் பிறந்த பிறகு 'ரூத் அப்பா'. தபால்காரன் புதிதாக வந்து வீட்டுக்காரர் பெயர் என்ன என்று கேட்டால், "பாப்பா, அப்பா பேரைச் சொல்லு" என்று குழந்தையை முன்னால் தள்ளிவிடுவாய். நம் சனத்தில் எந்தப் பெண்தான் புருஷன் பெயரைச் சொல்கிறாள், அது எனக்குத் தெரியாதா? ஆனால் மற்ற வீடுகளில் வேறொருவன் பெயரும் சத்தமாகக் கேட்பதில்லை. அங்கே புருஷனுக்குப் போட்டி கிடையாது.

நீ அவனை அறிந்துவைத்திருந்த விதம்தான் என்னை அதிகம் எரித்தது. மேரி அக்கா தன் வீட்டுக்காரரைப் பற்றி, அவுக கத்தரிக்காய் தொடமாட்டாக என்று சொல்வாரே, அதே குரலில் நீ சொல்வாய்: "இது அவர் எழுதுனது இல்ல. அவர் இரண்டாவது வயலினை இப்படிச் சும்மா உட்கார வைக்க மாட்டார்." இன்னொரு நாள் ஒரு பக்கத்தை வாசித்துப் பார்த்துவிட்டு, "இதுவும் இல்ல. அவருக்குச் சந்தோஷம் வந்தா வேகமா ஓட மாட்டார். அப்பத்தான் மெதுவா நடப்பார்," என்றாய்.

எனக்கு வந்ததே கோபம்.

"அவனுக்குச் சந்தோஷம் வந்தா எப்படி இருப்பான்னு தெரியுது. எனக்குச் சந்தோஷம் வந்தா நான் எப்படி இருப்பேன், சொல்லு பார்ப்போம்."

நீ காகிதத்திலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. "கோவமா இருக்கற மாதிரி நடிப்பீங்க," என்றாய்.

நான் எழுந்து வெளியே போய்விட்டேன். கோபமாகத்தான் போனேன். நடிப்பில்லை. அதை நீ நம்பியிருக்க மாட்டாய்.

அப்புறம் அந்தக் கூட்டம். துரைசானிகள் நடத்திய சங்கீதச் சங்கத்தில் உன்னைப் பேச அழைத்தார்கள். தமிழ்ப் பெண் ஒருத்தி அந்த மண்டபத்து மேடையில் ஏறிப் பேசுவது அதற்கு முன் நடந்ததில்லை. வெள்ளைப் பட்டுப் புடவை கட்டி, ஷூ போட்டுக்கொண்டு நீ மேடையில் உட்கார்ந்திருந்தாய். நான் வாசலோரம் கடைசி வரிசையில், குடையைப் பிடித்துக்கொண்டு. தலைமை தாங்கிய துரைசானி எழுந்து உன்னை ஆகா ஓகோ என்று புகழ்ந்தாள். பெயர் சொல்லும் இடம் வந்ததும் மறந்துபோய், உன் பக்கம் திரும்பி, "மிஸஸ்...?" என்று இழுத்தாள்.

நீ வாயைத் திறக்கவில்லை. துரைசானி சிரித்துக்கொண்டே மறுபடியும் கேட்டாள். ஜெர்மன் பாஷையை அகராதி வைத்துப் படித்தவள், லண்டன்காரர்களோடு கடிதத்தில் சண்டை போட்டவள், தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். காகிதத்தில் எழுதச் சொன்னால் எழுதுவாய், வாயால் வராது. பிறகு அத்தனை தலைகளையும் தாண்டி என்னைப் பார்த்தாய். மண்டபமே உன் பார்வையோடு என் பக்கம் திரும்பியது. நான் எழுந்து, "ஞானமுத்து, மேடம்," என்று கத்த வேண்டியதாயிற்று. குடை கீழே விழுந்தது. எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, இருந்தாலும் சிரிப்பு.

அதன் பிறகு நீ பேசத் தொடங்கினாய். முதல் வாக்கியத்திலேயே அவன் பெயர். அடுத்ததிலும் அவன் பெயர். பெயரைத் தொலைத்த ஒரு மனிதனுக்கு அவன் பெயரைத் திரும்பக் கொடுப்பதைவிட நியாயமான காரியம் என்ன இருக்கிறது என்று நீ கேட்டபோது துரைசானிகள் கைதட்டினார்கள். பக்கத்தில் இருந்தவர் என் முதுகிலும் தட்டினார்.

திரும்பும் வழியில் ரிக்‌ஷாவில் ஆற்றுப் பாலம் தாண்டியதும் நீயே ஆரம்பித்தாய்.

"ஏங்க, நல்லா பேசுனேனா?"

"பேசுனே. அவன் பேரு மட்டும் வாய்ல சக்கரையா வருது. என் பேரு என்ன, வேப்பங்காயா?"

நீ கொஞ்ச தூரம் முந்தானையின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டே வந்தாய்.

"அவர் செத்து நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. பேரைச் சொன்னா அவருக்கு இனிமே என்ன கொறையப் போவுது? உங்களுக்கு ஆயுசு கொறையும்."

"பாஸ்டர் மகளா இருந்துகிட்டு இதையெல்லாம் நம்புறியா?"

"நம்பலங்க," என்றாய். "ஆனா எதுக்கு வம்பு?"

அன்றைக்கு நான் குளிர்ந்துபோயிருக்க வேண்டும். வேறொருவனாக இருந்தால் குளிர்ந்துபோயிருப்பான். எனக்கு ஒரு கணம் நெஞ்சு நிறைந்தது உண்மை. வீட்டுக்குள் நுழைந்ததும் நீ ஷூவைக்கூடக் கழற்றாமல் பியானோவுக்குப் போய், மேடையில் சொல்ல மறந்த ஏதோ ஒன்றைச் சரிபார்க்க அவன் பெயரை முணுமுணுத்தபோது அந்த நிறைவு இறங்கிவிட்டது.

உன் கடைசிக் காய்ச்சலின்போது ரூத் கிள்ளானிலிருந்து வந்து தலைமாட்டில் இருந்தாள். நான் கால்மாட்டில். நினைவு தப்பித் தப்பி வந்தது. நீ என்னென்னவோ சொன்னாய். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை அதட்டினாய். உன் அப்பாவைக் கூப்பிட்டாய். அவன் பெயரையும் சொன்னாய், ஏதோ ஒரு பக்கத்தை வியன்னாவுக்குத் திருப்பி அனுப்பச் சொன்னாய். நான் முன்னால் நகர்ந்து வந்து உன் வாயருகே காதை வைத்தேன். இப்போது உனக்குத் தன்னினைவு இல்லை, வம்பு பார்க்கத் தோன்றாது, இப்போதாவது நழுவி வரும் என்று நினைத்தேன். வெட்கம் கெட்ட ஆசைதான். ஆனால் அந்த நேரத்தில் உலகத்தில் எனக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

"ஏங்க," என்றாய். அதோடு நிறுத்திக்கொண்டாய். காய்ச்சலிலும் உனக்கு அது தப்பவில்லை.

போன மாதம் நெஞ்சு அடைக்கிற மாதிரி இருந்ததென்று ரூத் என்னை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, இன்னும் ரொம்ப நாள் ஓடும் என்று அவர் தட்டிக்கொடுத்து அனுப்பினார். ரூத்துக்குச் சந்தோஷம். எனக்கு உன் மேல் கோபம் வந்தது. நீ குறையாமல் காப்பாற்றி வைத்த ஆயுசு இது. இத்தனையையும் வைத்துக்கொண்டு நீ இல்லாத வீட்டில் நான் என்ன செய்வது? ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கலாம். குறைந்தால் குறைந்துவிட்டுப் போகிறது.

இந்தப் பொறாமை உன்னோடு போய்விடும் என்று பார்த்தேன். போகவில்லை, முன்னைவிட நன்றாக வளர்ந்திருக்கிறது. நீ கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் இருந்தவரை அவன் வெறும் காகிதம். இப்போது நீங்கள் இரண்டு பேரும் ஒரே ஊர்க்காரர்கள். நேரில் பார்த்து, சந்தேகமெல்லாம் கேட்டு முடித்திருப்பாய். என்னைப் பற்றி அவன் விசாரித்தால் 'எங்க வீட்டுக்காரரு' என்று மட்டும் சொல்லியிருப்பாய், ஏனென்றால் நான் இன்னும் உயிரோடு இருக்கிறேன். நான் வந்து சேர்ந்த பிறகு உனக்கு அந்தச் சாக்கு இருக்காது. குறைய ஆயுசு இல்லாத இடம். வாசலிலேயே நின்றுகொண்டு, என்னை முழுப் பெயர் சொல்லி, சத்தமாகக் கூப்பிட வேண்டும். அப்போது அவன் உன் பக்கத்தில் இருக்கக் கூடாது.