சஹ்ராவின் வீட்டுக்கு வருத்தம் பார்க்க வந்தவர்கள்

என் அன்புச் சஹ்ரா,

உனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அதனால் என்ன, போன இடத்தில் எல்லாப் பாஷையும் விளங்கும் என்றுதான் நான் நம்புகிறேன். ஆங்கிலத்தில் எழுதினால் முந்தி மாதிரி என் பிழைகளைப் பார்த்துச் சிரிப்பாய், அதற்கு நான் இடம் கொடுக்கப் போவதில்லை.

இந்தக் கனடாக் குளிரில் எங்கள் டோர்செட் பார்க்கில் எல்லாம் அப்படியே இருக்கிறது. எங்கள் கட்டடத்து லிஃப்ட் வேலை செய்கிற நாளில் ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்து வாழ்த்துச் சொல்லாத குறை. வெக்ஸ்போர்ட்டில் நீ ஆட்டிறைச்சி வாங்குகிற கடைக்காரன் உன்னைக் கேட்டான். நீ போய்விட்டாய் என்றதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணை மூடி ஏதோ ஓதினான். இறைச்சிச் சோற்றோடு வாழைப்பழத்தைக் கடிக்கிற உங்கள் சோமாலிப் பழக்கத்தை மட்டும் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

நீ கேட்கப்போவது லிஃப்டையும் இறைச்சிக் கடையையும் பற்றி இல்லை என்று எனக்குத் தெரியும். மகளைப் பற்றித்தானே? சொல்கிறேன், பொறு.

நீ போன பிறகு கொஞ்ச நாள் உன் மகள் இடில் நிமிர்ந்துதான் நின்றாள். மருந்துக்கடை வேலைக்குப் போனாள், வந்தாள், எனக்கும் சேர்த்துத் தேத்தண்ணீர் ஊற்றினாள். பிறகு ஒரு நாள் போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை. உன் வீட்டுத் திறப்பு எதிர்வீட்டில் என்னிடம் இருந்ததால் திறந்துகொண்டு போய்ப் பார்த்தேன். திரைச்சீலை மூடியபடி, தலைமயிர் வாரி இழுக்காமல், முதல்நாள் நான் கொடுத்த புட்டு அப்படியே கிடக்க, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். இழுத்துக்கொண்டு டொக்டரிடம் போனேன். அவர் நிதானமாக இருந்து கேட்டார். டிப்ரெஷன் என்று சொல்லி மருந்துக் குளிசையும் தந்து, கதைத்து ஆற்றுவதற்கு ஒரு பெண்ணிடமும் அனுப்பினார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் அவள் சின்னதில் என்னிடம் பழகின அந்த அரைத் தமிழில் சொன்னாள்: "அன்ரி, இது அம்மா இருக்கேக்கையே எனக்கு இருந்தது. அவவுக்கு ஏலாம இருக்கு எண்டு நான் சொல்லேல்ல. இஞ்ச வேலையில எந்த நாடு எண்டு கேக்கினம். கனடா எண்டா, இல்லை, உண்மையா எந்த நாடு எண்டு திருப்பிக் கேக்கினம். ஊரில இருக்கிற கசின்மாருக்கு நான் கனடாக்காரி. ஐ டோண்ட் ஃபிட் எனிவேர், அன்ரி." அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். எங்களுடைய பஸ் நிறுத்தத்தையும் தவறவிட்டேன்.

பிறகு உன் அக்கா ஹாவா நகரின் மற்றப் பக்கம் எற்றோபிக்கோவில் இருந்து பெட்டியோடு வந்து இறங்கினார். குறை சொல்ல மாட்டேன். குசினியைக் கழுவினார், சமைத்தார், பிள்ளையின் தலைமாட்டில் இருந்து விடிய விடிய ஓதினார். ஆனால் யார் போன் எடுத்தாலும் "இடில் வேலைக்குப் போயிட்டாள்", "இடில் படிக்கிறாள்" என்று ஒரே பொய். ஏனக்கா இப்படி என்று கேட்டேன். "வெளியில தெரிஞ்சால் நாளைக்கு ஆர் இவளைக் கட்டுவினம், புவனா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்களும் இதைத்தானே தலையிடி என்றும் பிரஷர் என்றும் சொல்லி மூடிவைக்கிறார்கள்! இவ்வளவு வருடம் நீயும் நானும் நாங்கள் வேறு நீங்கள் வேறு என்று நினைத்தோமே, இதில் அச்சாக ஒரே ஆட்கள்.

உன் நடைமுறை உனக்கே தெரியும். இந்தக் கட்டடத்தில் யாருக்காவது சுகமில்லை என்றால் நீ ஃபிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு புறப்படுவாய், என்னையும் விட மாட்டாய். நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வருத்தம் பார்க்க வந்த கூட்டத்தைக் கண்டு நேர்ஸ் எங்களைக் கலைத்தாளே! உன் மகள் மாதக்கணக்கில் படுத்துக் கிடக்கிறாள், ஒரு சனம் எட்டிப் பார்க்கவில்லை. சொன்னால்தானே வருவார்கள்.

அதற்குப் பிறகுதான் ஹாவா அக்கா டிக்கெட் போட்டார். ஹர்கெய்சாவுக்கு, உங்கள் ஊருக்கு. அங்கே காற்று நல்லது, சொந்தம் இருக்கிறது, ஐந்து வேளையும் பாங்கு காதில் விழும், பிள்ளை தானாக எழும்பிவிடுவாள் என்றார். இங்கே தடம் மாறின பிள்ளைகளை உங்கள் ஆட்கள் அங்கே அனுப்பி வைப்பதை நீயே எத்தனை தரம் ஏசியிருக்கிறாய்? டொக்டரும் குளிசையும் என்னாவது என்று கேட்டதற்கு, "அங்க அல்லாஹ் இல்லையோ?" என்று என் வாயை அடைத்துவிட்டார்.

இடிலாவது மறுப்பாள் என்று பார்த்தேன். "போகச் சொன்னாப் போறன் அன்ரி. எங்க படுத்தாலும் எனக்கு ஒண்டுதான்" என்றாள். அழுதிருந்தாலோ கத்தியிருந்தாலோ நான் பயந்திருக்க மாட்டேன், சஹ்ரா. தான் எங்கே இருக்கிறேன் என்பதே அவளுக்கு ஒரு பொருட்டாக இல்லை. இப்படியே விமானம் ஏற்றினால் பிள்ளை கைவிட்டுப் போய்விடும் என்று என் மனம் சொன்னது.

பயணத்துக்கு முன் ஓதிச் சாப்பாடு கொடுக்க ஹாவா அக்கா உங்கள் பள்ளிவாசல் பெண்களைக் கூப்பிட்டார். அன்று காலை நான் இடிலின் கட்டிலில் போய் இருந்தேன். "உனக்கு என்ன வருத்தம் எண்டு நான் அவையளிட்டச் சொல்லட்டோ?" என்று கேட்டேன். சுவரைப் பார்த்தபடியே, "சொல்லுங்கோ. எனக்குச் சொல்லச் சக்தியில்ல" என்றாள்.

வீடு நிறைந்துவிட்டது. மரியன் வந்திருந்தார். பள்ளிவாசலில் உன்னோடு எப்போதும் கொழுவிச் சண்டை பிடிப்பாரே, அதே மரியன்தான். சம்பூசாவைக் கடித்துக்கொண்டு, "ஊருக்கெண்டால், மாப்பிள்ளை சரிவந்திட்டுதோ?" என்று ஆங்கிலத்தில் சத்தமாகக் கேட்டார். ஹாவா அக்கா சிரித்து மழுப்பினார். நான் தேத்தண்ணீர்த் தட்டோடு நடுவில் நின்றேன்.

"மாப்பிள்ளையும் இல்லை, ஒண்டும் இல்லை. பிள்ளைக்கு வருத்தம். டொக்டர் டிப்ரெஷன் எண்டு சொல்லிப் போட்டார். நாலு மாசமா எழும்பாமக் கிடக்கிறாள்" என்றேன்.

ஹாவா அக்காவின் முகம் போன போக்கைப் பார்த்து, புவனா, இன்றோடு இந்த வீட்டு உறவு உனக்கு அறுந்தது என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். மரியன் கோப்பையைக் கீழே வைத்தார்.

"நாலு மாசமோ? சஹ்ராவின்ர பிள்ளை நாலு மாசமாப் படுக்கையில கிடக்கு, எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்ல? நாங்கள் என்ன, செத்தே போனம்?"

அவ்வளவுதான். பிறகு எல்லாம் சோமாலியில் பறந்தது. மரியன் ஏச, ஹாவா அக்கா திருப்பி ஏச, மற்றவர்கள் ஆளுக்கொரு பக்கம் சேர, வீடு சந்தையாகிவிட்டது. பக்கத்தில் நின்றவளைக் கேட்டேன், வருத்தத்தைப் பற்றி ஒருவருக்கும் சண்டை இல்லையடி! அவர்களுடைய கோபமெல்லாம் வருத்தம் பார்க்கக் கூப்பிடாத மரியாதைக்கேட்டைப் பற்றித்தான். நான் குசினிக்குள் ஓடிப்போய்ச் சிரித்தேன், சிரிப்போடு சிரிப்பாக அழுதுவிட்டேன். திரும்பி வந்து பார்த்தால் மரியனைக் காணோம். கதவையும் தட்டாமல் இடிலின் அறைக்குள் போய், அவளைத் தள்ளிவிட்டு அதே கட்டிலில் சரிந்து படுத்திருந்தார்.

பயணம் தள்ளிப் போனது. அன்று தொடங்கியது படையெடுப்பு. ஒருத்தி ஈரல் பொரித்துக்கொண்டு வருவாள், ஒருத்தி தலைக்கு எண்ணெய் பூசிப் பின்னிவிடுவாள், இன்னொருத்தி ஒன்றும் கதைக்காமல் போனில் சத்தமாக வீடியோ பார்த்துவிட்டுப் போவாள். கதைத்து ஆற்றுகிற அந்தப் பெண்ணிடம் முறை வைத்துக் கூட்டிப் போகிறார்கள். குளிசை போடுவது அல்லாஹ்வில் ஈமான் குறைந்தவர்களின் வேலை என்று ஒருத்தி ஆரம்பித்தாள். "உன்ர சீனி வருத்தத்துக்கு நீ குளிசை போடுறாய்தானே? பொத்து வாயை" என்றார் மரியன். "நிம்மதியா இருந்து கவலைப்படக்கூட விடுகினமில்லை, அன்ரி" என்று இடில் என்னிடம் முறைப்பட்டாள். முறைப்பாடு சொல்லுமளவுக்கு வந்துவிட்டாளே என்று எனக்கு மனம் குளிர்ந்துபோனது.

முழுக்கச் சுகம் என்று உனக்குப் பொய் சொல்ல மாட்டேன். மருந்துக்கடைக்கு அரைநாள் வேலையாகப் போகத் தொடங்கியிருக்கிறாள். சில காலைகளில் இப்போதும் எழும்ப மாட்டாள். ஆனால் இப்போது எழும்ப முடியவில்லை என்று வாய்திறந்து சொல்கிறாள்.

ஹாவா அக்கா அப்போதும் எண்ணத்தை விடவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு, எனக்கும் விளங்கட்டும் என்று ஆங்கிலத்திலேயே மெல்லக் கேட்டார். அதை என் தமிழில் எழுதுகிறேன். "இது உன்ர இடம் இல்லை, மகளே. பிறத்தியாற்ற குளிருக்க கிடந்து எப்பிடிச் சுகம் வரும்? வா, எங்கட மண்ணுக்குப் போவம்."

இடில் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்தாள். "எங்கட மண் எது, பெரியம்மா? ஹர்கெய்சாவை நான் கண்ணால கண்டதில்லை. என்ர அம்மாவை இந்த மண்ணுக்குள்ளதானே தாட்டது. அவவை இஞ்ச விட்டிட்டு நான் எந்த ஊருக்கு வாறது?"

ஹாவா அக்கா அந்தக் கோப்பையைத் தன் பக்கம் இழுத்துவைத்து, "நான் இன்னும் அவளிட்டப் போகேல்ல" என்றார். உன்னை அடக்கம் செய்த அன்று ஆண்கள்தானே மையவாடிக்குப் போனார்கள். அதற்குப் பிறகு இடிலோடு நான் போய் வந்திருக்கிறேன். அக்காவுக்கு வரத் துணிவில்லை.

அடுத்த நாளே மூன்று பேரும் வந்தோம். நீ பார்த்திருப்பாய். எல்லாக் கல்லும் ஒரே மாதிரி இருக்க, ஹாவா அக்கா வழியில் தடுமாறி நின்றார். உன் மகள் போய் அவருடைய முழங்கையைப் பிடித்தாள். நேரே உன்னிடம் கூட்டி வந்து, தன் வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் சொல்வதுபோல, "வாங்கோ பெரியம்மா, இதுதான் எங்கட இடம்" என்றாள்.

எங்கும் சேராதவள் என்று தன்னைச் சொன்ன பிள்ளை, சஹ்ரா. ஹாவா அக்கா உன் தலைமாட்டில் குந்தியிருந்து அழுதார். டிக்கெட்டைப் பற்றி அதன்பிறகு ஒரு கதையும் இல்லை.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். எங்கள் கட்டடத்தில், உங்கள் ஆட்களோ எங்கள் ஆட்களோ, யாருக்கு இந்த வருத்தம் வந்தாலும் அதற்குத் தலையிடி என்று பேர் வைக்க விடமாட்டேன். உன் மகளை நானும் மரியனும் பார்த்துக்கொள்வோம். நீ நிம்மதியாக உறங்கடி.

உன் கூடப்பிறக்காத அக்கா,
எதிர்வீட்டுப் புவனா