ஓவர்டைம் என்று சொல்லிப் போன வகுப்பு

அண்ணை,

இன்று மத்தியானம் எங்கள் பக்டரிக் கன்டீனுக்குள் நுழைந்ததும் வெள்ளைப் பலகையில் எழுதும் பேனையின் மணம் மூக்கில் அடித்தது. புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கு மறுபடியும் ஆங்கில வகுப்புத் தொடங்கியிருக்கிறார்கள். நான் தேத்தண்ணிக் கோப்பையோடு வெளியே போய்விட்டேன். போன கிழமைதான் உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி நடந்தது.

நாங்கள் இருவரும் அந்த வகுப்புக்குப் போன கூத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ஷிப்ட் முடிந்தபின் ஒரு மணித்தியாலம். அதற்கும் கம்பனி சம்பளம் தந்ததால், வீட்டில் ஓவர்டைம் என்று சொல்லிவிட்டோம். பயிற்சித் தாள்களை லொக்கருக்குள் பூட்டிவிட்டு, வீட்டுக்குக் கிட்டவுள்ள செவன் கிங்ஸ் ஸ்டேஷனில் களைத்த முகத்தோடு இறங்குவோம். எனக்குத்தான் பயம் அதிகம். கடையிலும் கோயிலிலும் ஆங்கிலம் தெரிந்தவன் மாதிரித் தலையாட்டித் திரிந்தவன் நான். என் மகனே அதை நம்பியிருந்தான். "இந்த வயசில ஏ பி சி படிக்கிறமெண்டு தெரிஞ்சால் மானம் போயிடும் தம்பி" என்று நீங்களும் சொல்வீர்கள். ஆனால் வகுப்புக்குள் போய்விட்டால் உங்களுக்கு அந்த நினைப்பே இராது.

ஒருநாள் ஆசிரியை உங்களை மனேஜராகவும் என்னை லீவு கேட்கும் தொழிலாளியாகவும் நடிக்கச் சொன்னார். மனைவிக்குச் சுகமில்லை என்று நான் முக்கி முக்கி ஆங்கிலத்தில் சொல்லி முடித்தேன். நீங்கள் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, எங்கள் மனேஜரைப் போலவே மணிக்கூட்டைப் பார்த்து, "நோ" என்றீர்கள். ருமேனியப் பெண்கள் மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். குளிர் அறையில் நாள் முழுக்க நின்று சாண்ட்விச் அடுக்கி மரத்துப்போன கால்களை நீட்டிக்கொண்டு நீங்களும் சிரித்தீர்கள்.

அந்தியேட்டியன்று எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அண்ணி குசினியில் தனியே நின்று அழுதார். வீட்டுக் கடனைச் சொல்லிச் சொல்லித் தான்தான் உங்களை ஓவர்டைமுக்குத் துரத்தியதாகவும், மேலதிகமாக நின்று செய்த அந்த வேலைதான் உங்கள் நெஞ்சைத் தின்றுவிட்டதாகவும் சொன்னார். என்னால் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. அது ஓவர்டைம் இல்லை, ஆங்கில வகுப்பு என்று சொல்லிவிட்டேன்.

பொய் சொன்னதற்குக் கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒன்றை மட்டும் கேட்டார்.

"அப்ப, அந்த நேரம் அவர் நிக்காமல் கதிரையில இருந்தவரோ?"

"ஓம் அண்ணி. தேத்தண்ணியும் குடுக்கிறவை."

அவருடைய தோள்கள் கொஞ்சம் இறங்கின. அதோடு நான் வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். அந்த நேரம் பார்த்து என் மகன் வெறும் தட்டோடு குசினிக்குள் வந்தான். நீங்களும் அந்த வகுப்புக்குப் போனீங்களோ என்று அண்ணி என்னைக் கேட்டார். இல்லை, எனக்கு அது தேவைப்படவில்லை என்றேன். கூசாமல் சொன்னேன், அண்ணை. உங்களைக் காட்டிக்கொடுத்துவிட்டு என் மானத்தை மட்டும் காப்பாற்றிக்கொண்டேன்.

"பாவம், தனியப் போய் இருந்திருக்கிறார்" என்றார் அண்ணி. "துணைக்கு நீங்களும் போயிருக்கலாம் தம்பி."

நான் ஓம் என்று தலையாட்டினேன்.

அந்த வகுப்பில் நீங்கள் ஒருநாளும் தனியாக இருந்ததில்லை. இப்போது நான்தான் உங்களை அங்கே தனியாக இருத்திவிட்டு வந்திருக்கிறேன்.