யாழனும் செத்த குதிரையும்

ஜனவரி 9

அன்புள்ள சிவப்பு மைக்கு,

நலம். லாண்டரிக்கு மேலே அறை கிடைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். இனி சட்டையாவது கசங்காமல் இருக்கும்.

போனில் பேச ஆரம்பித்தால் உடனே சண்டை வந்துவிடுகிறது, அதனால் கடிதம். நீங்கள் வீட்டை விட்டுப் போனாலும் நம் நாவல் நிற்காது என்று பதிப்பாளரிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன். இது ஐந்தாம் பாகம், கடைசிப் பாகம். எப்போதும்போல ஓர் அத்தியாயம் நீங்கள், அடுத்தது நான். ஒருவர் நடந்ததாக எழுதியதை மற்றவர் நடக்கவில்லை என்று ஆக்கக் கூடாது. இத்தனை வருஷக் குடித்தனத்தில் நாம் ஒழுங்காகக் காப்பாற்றிய விதி இது ஒன்றுதான்.

என் அத்தியாயம் இதோடு இருக்கிறது. உங்கள் வில்லன் யாழனைப் பிடித்துச் சிறையில் போட்டுவிட்டேன். யாழை மீட்டி ஊர்களைத் தூங்க வைத்து, தூங்குகிற ஊருக்குத் தீ வைத்தவன் அல்லவா? காவலுக்கு ஒரு சிறுமி, பட்டப்பெயர் தவளை. அவன் மீட்டும்போது இவளும் கூடவே பாடுவாள், துளிகூடச் சுருதி சேராது. மந்திரம் அறுந்துபோகும். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துக் கடைசியில் யாழன் கத்துகிறான்: “நிறுத்து. அது அப்படியில்ல. முதல்லேர்ந்து பாடு.” எரிச்சல் தாங்காமல் வாத்தியார் ஆகிவிட்டான். இப்படி ஒருவரை எங்கே பார்த்தேன் என்று கேட்காதீர்கள்.

இப்படிக்கு,
வாயாடி

ஜனவரி 21

அன்புள்ள வாயாடிக்கு,

நலமே. சட்டை கசங்கவில்லை. ஆனால் நாள் முழுக்க இஸ்திரி வாடை.

நாலு பாகமாக நான் பார்த்துப் பார்த்து வளர்த்த வில்லனை ஒரே அத்தியாயத்தில் பாட்டு வாத்தியாராக்கி உட்கார வைத்துவிட்டாய். எரித்த ஊர்களெல்லாம் என்ன ஆவது? அவனுக்கு மாணவி ஒரு கேடா? விதிப்படி அதை நான் அழிக்கவில்லை. ஆனால் என் அத்தியாயத்தில் சிறைச்சுவர் இடிந்து அவன் மேல் விழுகிறது. புழுதி அடங்கியபோது கற்களுக்கு வெளியே ஒரு கை மட்டும் தெரிகிறது. அவன் கதை அவ்வளவுதான். தவளையை வைத்து நீ என்ன வேண்டுமானாலும் செய்துகொள்.

உன் அத்தியாயத்தில் சில வாக்கியங்களைத் திருத்தியிருக்கிறேன். பெரிதாக ஒன்றுமில்லை.

பத்திரிகை அலுவலகத்தில் உன்னை விசாரித்தார்கள். ஊருக்குப் போயிருக்கிறாய் என்று சொல்லி வைத்தேன்.

இப்படிக்கு,
உன் எழுத்துக் கூட்டாளி

பிப்ரவரி 4

அன்புள்ள சிவப்பு மைக்கு,

கை தெரிந்தது என்று எழுதினீர்கள், செத்தான் என்று எழுதவில்லை. பத்திரிகையில் மெய்ப்புத் திருத்துகிற மனிதர், ஒரு கமாவைக்கூடத் தப்பவிடாதவர், இதை எப்படி விட்டீர்கள்? உங்களுக்கும் மனசு வரவில்லை போலிருக்கிறது. தவளை ஒவ்வொரு கல்லாகப் புரட்டி அவனை வெளியே இழுத்துவிட்டாள். புரட்டும்போது பாடினாள். கண் விழித்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, “இவ்வளவு கேவலமா யாரு பாடுறது?”

பெரிதாக ஒன்றுமில்லை என்கிறீர்கள். என் பக்கங்களுக்கு அம்மை போட்ட மாதிரி இருக்கிறது. திருத்தம் தப்பென்று நான் சொல்லவில்லை, எல்லாமே சரியான திருத்தம்தான். என் அம்மா இறந்துபோனபோது உங்கள் அக்காவுக்கு நாலு வரி எழுதி, தபாலில் போடச் சொல்லி உங்களிடம் கொடுத்தேன். அதையும் சிவப்பு மையால் திருத்தித் திருப்பிக் கொடுத்தீர்கள். அன்றைக்குத்தான் உங்களை வீட்டை விட்டுப் போகச் சொன்னேன். காரணம் தெரியவில்லை என்று நண்பர்களிடமெல்லாம் சொல்கிறீர்களாம், அதனால் எழுதுகிறேன்.

அத்தியாயத்தின் முடிவைக் கவனித்துப் படியுங்கள். தவளைக்குப் பாட்டு வந்துகொண்டிருக்கிறது. பாட்டு வர வர, யாழ் கேட்டால் அவளுக்கும் தூக்கம் வருகிறது. அவன் திருத்தத் திருத்த மந்திரத்திலிருந்து அவளுக்கிருந்த பாதுகாப்பு போய்க்கொண்டிருக்கிறது. அது அவனுக்குத் தெரியாது.

இப்படிக்கு,
வாயாடி

பிப்ரவரி 27

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கடிதம் வந்து நாளாகிறது. பலமுறை பதில் எழுதி, ஒவ்வொன்றையும் திருத்தித் திருத்திக் கிழித்துப் போட்டேன். இதைத் திருத்தாமல் அனுப்புகிறேன்.

கீழே லாண்டரிக்காரம்மா, ‘துணிகள் அவசரமாகக் கிழிக்காமல் துவைக்கப்படும்’ என்று போர்டு வைத்திருக்கிறார். அப்படியானால் நிதானமாகக் கிழிப்பீர்களா என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். “ஊருக்கே புரியுது சார், உங்களுக்கு மட்டும்தான் புரியல” என்று சொல்லிவிட்டுப் துணி தேய்க்கப் போய்விட்டார். படியேறி அறைக்கு வந்தேன். அந்த நாலு வரி ஞாபகம் வந்தது. உன் அம்மா போய்விட்டாள் என்பதை நான் படிக்கவே இல்லை, வாக்கியத்தைத்தான் படித்திருக்கிறேன்.

யாழன் யாரென்று எனக்குத் தெரியாமலில்லை. தெரிந்ததால்தான் சுவரைத் தள்ளினேன்.

என் அத்தியாயம் இத்துடன். பகை அரசன் ஒருவன் யாழனை நடுச்சந்தியில் உட்கார வைத்து மீட்டச் சொல்கிறான். ஊர் தூங்கினால் வாசலில் காத்திருக்கும் அவன் படை உள்ளே வரும். மறுத்தால் தவளையின் தலை போகும். அவளோ எதிரிலேயே நிற்கிறாள், இப்போது மற்றவர்களைப் போல அவளும் தூங்கிவிடுவாள். அவன் யாழில் கை வைக்கிற இடத்தில் நிறுத்திவிட்டேன். கடைசி அத்தியாயம் உன்னுடையது. என்னைக் கேட்டால் அவன் சாக வேண்டும். ஆனால் நீ என்னைக் கேட்க வேண்டியதில்லை.

இப்படிக்கு,
நான்தான்

மார்ச் 18

அன்புள்ளவருக்கு,

முடித்துவிட்டேன். யாழன் மீட்டுகிறான். ஊர் கண்ணயரத் தொடங்குகிறது. தவளை கண்ணைத் தேய்த்துக்கொண்டு, அவன் கற்றுக்கொடுத்த பாட்டையே வேண்டுமென்று தப்பாகப் பாடுகிறாள், பழைய தவளைக் குரலில். அவன் வாய் திறக்கிறது. அது அப்படியில்லை என்று சொல்லப்போகிறான் என்று அவளுக்கே தெரியும். அவன் சொல்லவில்லை. மந்திரம் அறுந்து ஊர் விழித்துக்கொள்கிறது, வாசலில் நிற்கும் படை ஓடுகிறது. யாழை அவள் மடியில் வைத்துவிட்டு, செங்குதிரையில் ஏறிப் போய்விடுகிறான்.

நீங்கள் பார்த்துவிட்டு நேரே அச்சகத்துக்கு அனுப்பிவிடுங்கள். திருத்துவதென்றால் திருத்துங்கள், சண்டை போட எனக்குத் தெம்பில்லை. இதோடு புத்தகம் முடிகிறது. நமக்குள் தபால் போக வரவும் இனி காரணம் இருக்காது. அதை நினைத்தால் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

வாயாடி

ஏப்ரல் 11

அன்புள்ளவருக்கு,

அச்சகத்திலிருந்து என் கையெழுத்துப் பிரதி திரும்பி வந்தது. உறையைப் பிரிக்கப் பயந்து மேசையிலேயே போட்டு வைத்திருந்தேன். பிரித்தால் ஒரு பக்கத்திலும் சிவப்பு இல்லை. நம்பாமல் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒரு பெரிய லென்ஸை இரவல் வாங்கிவந்து பார்த்தேன். ஒரு புள்ளிகூட இல்லை.

பிறகுதான் குதிரை கண்ணில் பட்டது. இரண்டாம் பாகத்தில் ஓர் அத்தியாயம் முழுக்க அழ அழ எழுதி நீங்களே சாகடித்த செங்குதிரை அது. சத்தியமாக மறந்துபோய் எழுதிவிட்டேன். நம் ஒரே விதியும் போயிற்று. நீங்கள் பார்க்காமலா விட்டிருப்பீர்கள்? இன்னும் அச்சேறவில்லை, மாற்ற நேரம் இருக்கிறது. மாற்றட்டுமா?

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட வாருங்கள். பெட்டி வேண்டாம். பெட்டியைப் பற்றிப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வாயாடி

ஏப்ரல் 14

அன்புள்ள வாயாடிக்கு,

குதிரையை முதல் வாசிப்பிலேயே பார்த்தேன். கை பேனாவுக்குப் போனது. அதற்குள் அடுத்த வரியைப் படித்துவிட்டேன், அவன் உயிரோடு ஊர் எல்லையைத் தாண்டியிருந்தான். அப்பாடா என்றிருந்தது. நாற்காலியில் சாய்ந்து அழுதேன். கீழேயிருந்து லாண்டரிக்காரம்மா, “என்ன சார் சத்தம்?” என்று குரல் கொடுக்கிற அளவுக்கு.

நடந்ததை நடக்கவில்லை என்று ஆக்கக் கூடாதுதான். குதிரை விஷயத்தில் மட்டும் ஆக்கலாம் என்று தோன்றியது. மாற்றாதே. வாசகர்கள் கேட்டால் இரண்டு பேருமாகச் சேர்ந்து திருதிருவென்று முழிக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். பெட்டி இல்லாமல். நடந்துதான் வர வேண்டும், குதிரையை அவன் கொண்டுபோய்விட்டான்.

உன்
சிவப்பு மை