மெயினை அணைக்கச் சொல்லிக் கேட்டாயாமே

என் செல்லத் தம்பி டேவிட்டுக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. இந்த எட்டு மாதமும் உன்னை மனசுக்குள் திட்டிக்கொண்டேதான் இருந்தேன். ஜெபத்துக்கு உட்கார்ந்தால்கூடத் திட்டுதான் வந்தது. போன வாரம் ஒன்று நடந்தது. அதை உன்னிடம் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அன்றைக்கு நீ வேலைக்குப் போயிருந்த மானாம்பதி வீட்டுக்கு நான் ஓடி வந்தபோது உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஹாலில் நீ டிவி மாட்டத் துளை போட்ட சுவர்தான் இருந்தது. டைல்ஸ் மேல் டேப் ஒட்டி, குறி போட்டு, மூன்று துளை முடித்திருந்தாய். ஒன்றில்கூடக் கீறல் இல்லை. மிஷினில் ஹேமர் அடியை நிறுத்திவிட்டு, மெதுவாக ஆரம்பித்து, மிஷினை அழுத்தாமல் அதன் போக்கில் விட்டால்தான் அப்படி வரும். பத்து வருஷமாக உத்திரமேரூர் ஹார்டுவேர் கடையில் நிற்கிறேன், எனக்குத் தெரியாதா? அவர்கள் டைல்ஸ் உடையக் கூடாது என்று அவ்வளவு பார்த்தாயே, உன்னைப் பார்த்துக்கொண்டாயா?

நாலாவது துளை சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலே. அங்கேதான் சுவருக்குள் வயர் போகும். மிஷின் பிட் அதில் பட்டுவிட்டது. இரும்பு ஏணி, வெறுங்கால், இடது கை மிஷினின் இரும்பு மூக்கில். பேட்டரி மிஷின்தானே, ஷாக் அடிக்காது என்று ஏறியிருப்பாய் என்றுதான் நினைத்தேன். அந்த மடத்தனத்துக்காகத்தான் உன்னைத் திட்டினேன்.

அந்த வீட்டின் சொந்தக்காரர் வேறு கதை சொன்னார். நீ குடித்திருந்தாயாம். போலீசிடம் சொன்னார், டீக்கடையில் சொன்னார். டாக்டர் கொடுத்த ரிப்போர்ட்டில் அப்படி ஒரு வார்த்தை இல்லை. ஆனால் ஊர் எங்கே ரிப்போர்ட் படிக்கிறது?

போன செவ்வாய்க்கிழமை அவரே கடைக்கு வந்தார். ஒரு பேட்டரி ட்ரில் வேண்டுமாம். என்னை அடையாளம் தெரியவில்லை.

“ஆளுங்கள கூப்ட்டா ஒர்த்தனும் எங்க வூட்டுக்கு வரமாட்டன்றான். டிவி அப்டியே தரையில கீது. நானே போட்டுக்கலாம்னு பாக்கறேன்” என்றார்.

விற்க மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். இருந்தாலும் பெட்டியைப் பிரித்தேன். பிட் மாற்றும்போது பேட்டரியைக் கழற்றச் சொன்னேன். துண்டு தொங்கவிடாதீங்க, கண்ணாடி போடுங்க என்றேன். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் கீழேயும் பக்கவாட்டிலும் கை வைக்காதீங்க, சுவரில் வயர் எங்கே போகுது என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்க, எதற்கும் முன்னால் மெயினை அணையுங்க என்றேன்.

அவர் சிரித்தார். “இதுலதான் வயரே இல்லியேம்மா. அன்னிக்கு அந்தப் பையங்கிட்டயும் இதத்தான் சொன்னேன்.”

“எந்தப் பையன்கிட்ட?”

அப்போதுதான் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். டேவிட், நம் இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு, இல்லையா?

“மிஷின்ல வயர் இல்ல. உங்க சுவத்துல கீது” என்றேன். “எந்தம்பி மெயின அணைக்கச் சொல்லிக் கேட்டானா?”

கடையில் பெயின்ட் வாங்க வந்தவர், முதலாளி, எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் ட்ரில்லை மேசை மேல் வைத்தார்.

“கேட்டான். ரெண்டு தபா கேட்டான். வூடு பூரா சொந்தக்காரங்க, கூலர் ஓடிக்கினு இருந்துச்சு. அஞ்சு நிமிஷ வேலைதான, சும்மா போடுன்னேன்.”

“குடிச்சிருந்தானா?”

“இல்ல.”

ட்ரில் வாங்காமலே போய்விட்டார். நான் கடைக்குப் பின்னால் போய் சிமென்ட் மூட்டை மேல் உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை, டேவிட். ஆத்திரம்தான் வந்தது. உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் ஏறியிருக்கிறாய். மாட்டேன் என்று சொல்லிவிட்டு இறங்கி வர உனக்கு ஏன் வாய் வரவில்லை? அவர்கள் கழனியில் அப்பா கூலிக்குக் குனிந்து நின்றாரே, அந்தக் குனிவு உனக்கும் ஒட்டிக்கொண்டதா? நீ கையில் தொழில் வைத்திருந்தவன். உன்னை யார் குனியச் சொன்னது?

ஞாயிற்றுக்கிழமை அவர் காவாந்தண்டலத்துக்கு, நம் வீட்டு வாசலுக்கு வந்தார். நான் கூப்பிடவில்லை. உன் பையன் குடிக்கவில்லை, தப்பு என்னுடையதுதான் என்று அம்மாவிடம் சொன்னார்.

அம்மா முறத்தைக்கூடக் கீழே வைக்கவில்லை. “எம்புள்ள குடிக்க மாட்டான்னு எனக்கு நீங்க வந்து சொல்லணுமா? டீக்கடையில சொன்னீங்கல்ல, அங்க போயி சொல்லுங்க” என்றாள்.

போய்ச் சொன்னாராம். உன் கூட்டாளி பாபு அங்கே இருந்தான். தலையைக் குனிந்துகொண்டு, பாதிப் பேருக்குக் கேட்காத மாதிரி சொன்னாராம். போலீசிடம் இன்னும் சொல்லவில்லை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு நாளைக்கு நானே ஸ்டேஷனுக்குப் போகிறேன். அவரையும் வரச் சொல்லியிருக்கிறேன். வராவிட்டால் கடையில் கேட்டவர்கள் சாட்சி சொல்வார்கள்.

போன மாதம் பாபு ஐயங்கார்குளத்தில் ஒரு வீட்டில், மெயினை அணைக்க மாட்டோம் என்று அவர்கள் சொன்னதும் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். வீட்டுக்காரர் பின்னாலேயே ஓடி வந்து கூட்டிப்போய் மெயினை அணைத்தாராம். அவ்வளவுதான் விஷயம். அவ்வளவேதான். அது உன்னால் முடியாமல் போய்விட்டதே.

உன் பேரில் இருக்கும் பழியை போலீஸ் பதிவேட்டிலிருந்தும் எடுப்பேன். இனி என் கையால் ட்ரில் வாங்கிப் போகும் ஒவ்வொருவனையும் நிறுத்தி வைத்து, ‘மெயினை அணைக்காவிட்டால் ஏணியிலிருந்து இறங்கி வா, எவன் வீடாக இருந்தாலும் இறங்கி வா’ என்று சொல்லித்தான் அனுப்புவேன். இது சத்தியம்.

உன்மேல் கோபம் தீராத,
உன்கூடப் பிறந்த அக்கா,
எஸ்தர்